கண்ணகி சிலை, மாலை ஐந்து மணி

1997 ஏப்ரலில் பி.காம். கடைசிப் பரீட்சை முடிந்து வெளியே வந்த கையோடு நாங்கள் மூன்று பேர் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம். வருடா வருடம் ஜனவரி மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்து மணிக்கு, மெரினாவில் கண்ணகி சிலைக்குக் கீழே. கடிதம் வேண்டாம், போன் வேண்டாம், யாரும் யாருக்கும் ஞாபகப்படுத்த வேண்டாம். அரைமணி நேரம் காத்திருப்போம். அதற்குள் ஒருத்தி வரவில்லை என்றால் மற்ற இரண்டு பேரும் சுண்டல் வாங்கிக்கொண்டு மணலுக்குள் இறங்கிவிடுவோம். கோபித்துக்கொள்ளக் கூடாது.

மூன்று பேரில் ஒருத்திக்குப் பெயர் 29சி. பெரம்பூரிலிருந்து அந்த பஸ்ஸில் தொற்றிக்கொண்டுதான் கல்லூரிக்கு வருவாள். இன்னொருத்தி வீடு ஃபோர்ஷோர் எஸ்டேட்டில், அதனால் அவள் ஃபோர்ஷோர். நான் மாம்பலம். மேற்கு மாம்பலம் என்று எத்தனை தடவை திருத்தினாலும் கேட்கமாட்டார்கள். மழைக்காலத்தில் துரைசாமி சப்வேயில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கடந்தவர்களுக்குத்தானே அந்த 'மேற்கு' எவ்வளவு முக்கியம் என்று தெரியும்.

இதைச் சொன்னால் என் மகன் சிரிக்கிறான். "லொகேஷன் அனுப்பாம எப்படிம்மா கண்டுபிடிப்பீங்க?" எங்களுக்கு லொகேஷனே கண்ணகிதான். 1968-இல் உலகத் தமிழ் மாநாட்டுக்காக வைத்த சிலை. எங்கே போய்விடப் போகிறது என்று நினைத்தோம்.

அதுவும் போயிற்று. 2001 டிசம்பரில் ஒரு லாரி மோதியதைக் காரணம் காட்டிச் சிலையை எடுத்துவிட்டார்கள். 2002 ஜனவரி 6, ஞாயிறு. சிலையே இல்லாதபோது 'சிலைக்குக் கீழே' என்பது எந்த இடம்? மாற்று இடம் பேசிக்கொள்ளவும் வழியில்லை. 29சி கல்யாணமாகித் திருச்சிக்குப் போயிருந்தாள். எங்கள் மூவரில் யாரிடமும் செல்போன் கிடையாது. எதற்கும் பார்ப்போம் என்று நான் போனேன். 29சி வெற்று இடத்துக்குப் பக்கத்தில் கைப்பையை அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அம்மா வீட்டுக்கு வந்தவள், பறக்கும் ரயிலில் திருவல்லிக்கேணி ஸ்டேஷனில் இறங்கி நடந்தே வந்திருக்கிறாள். "போலீஸ்காரர் வந்து யாரைத் தேடறீங்கன்னு கேட்டார்டீ. கண்ணகியைன்னு வாய் வரைக்கும் வந்துடுத்து, முழுங்கிட்டேன்" என்றாள். சிலையை எடுத்ததற்கு எதிர்ப்பு கிளம்பியிருந்த அந்த நிலவரத்தில் அப்படிச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ. பத்து நிமிஷத்தில் ஃபோர்ஷோரும் வந்து சேர்ந்தாள். சிலை 2006 ஜூனில்தான் திரும்பி வந்தது. நடுவில் நான்கரை வருடம் இல்லாத சிலைக்குக் கீழே சந்தித்துக்கொண்டிருந்தோம்.

2005-ஐயும் சொல்ல வேண்டும். சுனாமி வந்தது 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. டிவியில் மெரினாவைக் காட்ட ஆரம்பித்ததிலிருந்து ஃபோர்ஷோர் வீட்டுக்கு அடித்துக்கொண்டே இருந்தேன். ஒன்று மணி போய்க்கொண்டே இருக்கும், இல்லையென்றால் லைனே கிடைக்காது. கடைசியில் என் தம்பி டிவிஎஸ் 50-ஐ எடுத்துக்கொண்டு சாந்தோம் வரை போய், அதற்கு மேல் நடந்து, அவர்கள் எல்லோரும் மொட்டை மாடியில் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்து சொன்னபோது மணி இரண்டரை. அந்த ஐந்து மணி நேரத்தை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. அடுத்த ஞாயிறு, ஜனவரி 2, எங்கள் முறை. வருவாளா என்றே தெரியாமல் போனேன். கடற்கரையில் ஆள் நடமாட்டமே இல்லை. அவள்தான் முதலில் வந்து நின்றிருந்தாள். "நான் வரலைன்னா நீங்க பயந்துடுவீங்கன்னுதான் வந்தேன்" என்றாள். மணலுக்கு இறங்கவில்லை. நடைபாதையிலேயே உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினோம்.

1998 முதல் 2014 வரை மொத்தம் 17 ஜனவரி. அதில் மூன்று பேரும் சேர்ந்தது 11 தடவை. பிரசவம், மாமியார் ஆஸ்பத்திரி, ஒரு வருடம் எனக்கு அம்மை. வராதவளுக்கு என்ன ஆனதென்று மாதக்கணக்கில் தெரியாமலே இருந்ததும் உண்டு.

நின்றுபோனது எப்படி என்பதுதான் வேடிக்கை. 2014-இல் வகுப்புத் தோழி ஒருத்தி வாட்ஸ்அப் குழு தொடங்கினாள். மூன்று பேராக இருந்தவர்கள் 43 பேரானோம். முதல் ஒரு மாதம் தலைகால் புரியவில்லை, யார் யாரெல்லாமோ கிடைத்தார்கள். தினமும் காலையில் பூ, தெய்வப் படம், பொன்மொழி. 29சி வாங்கிய சோபாவை வெள்ளிக்கிழமையே பார்த்துவிட்டேன். ஃபோர்ஷோர் மகளுக்குக் கணக்கில் எவ்வளவு என்பது ரிசல்ட் வந்த அரைமணியில் தெரிந்துவிட்டது. 2015 ஜனவரி 4, மாலை ஐந்தரை மணிக்கு, வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது திடீரென்று உறைத்தது: இன்றைக்கு முதல் ஞாயிறு. போனை எடுத்துக் குழுவைப் பார்த்தேன். 29சி யாருடைய படத்துக்கோ கைதட்டும் பொம்மை போட்டிருந்தாள். ஃபோர்ஷோரும் ஆன்லைனில் இருந்தாள். ஆக யாரும் போகவில்லை. நான் போகவில்லையே என்று யாரும் கேட்கவுமில்லை. சண்டை போட்டுக்கொண்டு விட்டிருந்தால்கூட ஒரு காரணம் இருந்திருக்கும்.

அந்தக் காலம் பொற்காலம் என்று பாட வரவில்லை. ஒளியும் ஒலியும், ஐந்து பைசா மிட்டாய் எல்லாம் ஊரே எழுதி முடித்துவிட்டது. நான் வளர்ந்தது ஏழு குடித்தனம் இருந்த ஸ்டோரில். எங்களுக்கு இருந்தது பி.பி. நம்பர். கடிதத்திலும் கல்யாணப் பத்திரிகையிலும் அடுத்தவர் வீட்டு எண்ணைப் போட்டு, பக்கத்தில் 'பி.பி.' என்று எழுதுவோமே, அது. வீட்டுக்கார மாமி முற்றத்தில் நின்று, "உங்காத்துக்கு போன்!" என்று குரல் கொடுப்பார். அம்மா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஓடுவாள். ரிசீவர் டெலிபோன் ஸ்டூல் மேல் மல்லாந்து கிடக்கும், பக்கத்திலேயே மாமி நிற்பார். கூப்பிட்டது ஆண் குரல் என்றால் நகரவே மாட்டார். என்னோடு வேலை பார்த்த ஒருவர் லீவு சொல்வதற்காக ஒருமுறை அந்த எண்ணுக்குக் கூப்பிட்டுவிட்டார். நாலு நாளைக்கு ஸ்டோர் முழுக்க என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். அதைவிட மோசம், நேர்முகத் தேர்வுக்கு வரச்சொல்லி வந்த போனை மாமி வீட்டில் யாரோ எடுத்துவிட்டுச் சொல்ல மறந்துபோனார்கள். எனக்குத் தெரியும்போது தேதி தாண்டிவிட்டது. சொந்தமாகக் கனெக்‌ஷன் வாங்கலாம் என்றால், கூடுதல் பணம் கட்டினால் சீக்கிரம் தருகிற ஓ.ஒய்.டி. திட்டத்தில் கொட்டிக் கொடுக்க அப்பாவிடம் பணமில்லை. சாதாரண வரிசையில் வருடக்கணக்கில் காத்திருந்து 1999-இல்தான் எங்கள் வீட்டில் மணி அடித்தது. அந்த வாழ்க்கைக்குத் திரும்பிப் போகச் சொன்னால் போகமாட்டேன்.

எனக்கு ஏக்கமெல்லாம் வேறு ஒன்றின் மேல். ஆளைப் பிடிக்க வழியில்லாததால் சொன்ன சொல்லுக்கு ஒரு கனம் இருந்தது. ஐந்து மணி என்றால் ஐந்து மணி. "கிளம்பிட்டேன்", "அஞ்சு நிமிஷம்", "டிராஃபிக்" என்று வழியெல்லாம் தவணை சொல்ல முடியாது. சந்திக்கிறபோது சொல்வதற்கு ஒரு வருடச் செய்தி மிச்சமிருக்கும். 29சி தன் பிரசவக் கதையை மூச்சுவிடாமல் ஒன்றேகால் மணி நேரம் சொன்னாள். சுண்டல்காரப் பையன்கூட நின்று கேட்டுவிட்டுப் போனான். இப்போது அதெல்லாம் படத்தோடு அன்றைக்கே வந்துவிடுகிறது, நாமும் ஒரு இதயத்தை அழுத்திவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறோம்.

ஏங்கிக்கொண்டு மட்டும் இருக்காமல் இதில் எதையாவது திரும்பக் கொண்டுவர முடியுமா என்று சில வருடங்களாக முயன்று பார்த்தேன். பாதி தோல்வி. தோற்றதையே முதலில் சொல்கிறேன்.

2019 மே மாதம், ஒரே வீச்சில் வாட்ஸ்அப் மாதிரியானவை எல்லாவற்றையும் போனிலிருந்து அழித்தேன். பதினோராம் நாள் திரும்ப ஏற்றினேன். காரணம் தண்ணீர். அந்தக் கோடையில் சென்னையில் ஏரிகள் வறண்டு குடத்தோடு அலைந்தது ஊருக்கே தெரியும். எங்கள் மடிப்பாக்கம் பிளாட்டில் லாரி எப்போது வரும், சம்பில் எத்தனை அடி இருக்கிறது என்பதெல்லாம் குழுவில்தான் வரும். நான் தவத்தில் இருந்தேன். ஒருநாள் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. கீழ் வீட்டில் போய் ஒரு குடம் கடன் வாங்கினேன். குழுவை விட்டு ஓடுவது எங்களைப் போன்றவர்களுக்கு ஆகாத காரியம் என்று அன்றைக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு செய்தது எளிது. குழுக்களைப் பட்டியல் போட்டேன், 31 இருந்தன. செய்தி வராவிட்டால் வீட்டில் எதாவது நின்றுபோகும் என்பவை நான்கு: பிளாட், மகன் பள்ளி, ஆபீஸ், அண்ணன் தம்பி. அந்த நான்கை மட்டும் சத்தம் போட விட்டேன். மற்ற 27-ஐயும் வாயடைத்து ஒளித்து வைத்தேன். எதிலிருந்தும் விலகவில்லை. விலகினால்தான் "ஏன் விலகினாய்" என்று தனியாகக் கூப்பிட்டுக் கேட்பார்கள், அது பெரிய தலைவலி.

அடுத்த தோல்வி தபால் கார்டு. ஐம்பது பைசாவுக்குக் கார்டு இன்னும் கிடைக்கிறதே என்று ஆசையாகப் பத்து வாங்கி, ஆறு பேருக்கு எழுதிப் போட்டேன். நான்கு பேரிடமிருந்து பேச்சு மூச்சில்லை. ஒருத்தி என் கார்டையே படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, "கிடைச்சுது, சூப்பர்!" என்று எழுதினாள். பதில் எழுதியவர் ஒரே ஒருவர், கும்பகோணத்தில் இருக்கும் என் பெரியப்பா. அவருக்கு மட்டும் இப்போதும் மாதம் ஒன்று போடுகிறேன். அவர் கையெழுத்து கொஞ்சம் கொஞ்சமாக நடுங்க ஆரம்பித்திருப்பது கார்டுகளை அடுக்கிப் பார்த்தபோது தெரிந்தது. போனில் பேசும்போது எப்போதும் "நன்னா இருக்கேன்மா"தான்.

இனி பலித்தவை. ஒன்று, போனுக்கு ஒரு ஸ்டூல். மாமி வீட்டு டெலிபோன் ஸ்டூலை நினைத்துக்கொண்டு வாசல் கதவுக்குப் பக்கத்தில், செருப்பு ஸ்டாண்டு மேல் சார்ஜரை மாட்டினேன். ராத்திரி எட்டு மணிக்கு மேல் போன் அங்கேதான். மணிச் சத்தம் முழுசாக இருக்கும், நெட் அணைந்திருக்கும். அவசரம் என்றால் யாராக இருந்தாலும் கூப்பிடுவார்கள், எழுந்து போய் நின்றுகொண்டே பேசவேண்டும். நின்றுகொண்டு பேசினால் பேச்சு தானாகச் சுருங்கிவிடுகிறது, இது அம்மா காலத்திலிருந்தே தெரிந்த விஷயம்தான். படுக்கைக்குப் பக்கத்தில் அலாரத்துக்கென்று ஒரு சின்னக் கடிகாரம் வாங்கிய பிறகுதான் இது நிலைத்தது. அலாரத்தைச் சாக்கு வைத்தே மூன்று முறை போன் தலையணைக்குத் திரும்பி வந்துவிட்டது.

இன்னொன்று, நம்பர் நோட்டு. இதைக் கற்றுக்கொடுத்தது 2015 டிசம்பர் வெள்ளம். 1-ஆம் தேதி இரவு எங்கள் தெருவில் இடுப்பளவுத் தண்ணீர். கரண்டு இல்லை, சிக்னல் இல்லை, போனில் சார்ஜும் இல்லை. மறுநாள் எதிர் வீட்டு மாடியில் ஒரு லேண்ட்லைன் மட்டும் உயிரோடிருந்தது. அவரவருக்கு ஒரு போன் பேசிக்கொள்ளுங்கள் என்றார்கள். ரிசீவரைக் கையில் வாங்கிக்கொண்டு நிற்கிறேன், யாருடைய நம்பரும் ஞாபகத்தில் இல்லை. மாமி வீட்டு பி.பி. நம்பர் மட்டும் கடகடவென்று வருகிறது. மாமியும் இல்லை, ஸ்டோரும் இல்லை, அந்த நம்பரும் இல்லை. நல்லவேளை, என் வீட்டுக்காரர் தன் அண்ணன் நம்பரை மனப்பாடமாக வைத்திருந்தார். அந்த அண்ணன் பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு எங்கள் விலாசத்தை வாட்ஸ்அப்பிலும் ஃபேஸ்புக்கிலும் போட்டதால்தான் மறுநாள் முன்பின் தெரியாத பையன்கள் பாலும் பிரெட்டும் படகில் கொண்டுவந்தார்கள். 2004-இல் தம்பி டிவிஎஸ் 50-ஐ உதைத்த வேலையை இவர்கள் போனில் செய்துவிட்டார்கள். இல்லையென்று சொல்ல மனசாட்சி இடம் கொடுக்காது. இப்போது நாற்பது பக்க நோட்டில் முக்கியமான 25 நம்பர்களை எழுதி, பிளாஸ்டிக் கவரில் போட்டு, கேஸ் புத்தகத்தோடு பரண் மேல் வைத்திருக்கிறேன். வருடத்துக்கு ஒருமுறை, போகிக்கு வீடு ஒழிக்கிறபோது, மாறியதைத் திருத்துகிறேன். மகனை ஐந்து நம்பர் மனப்பாடம் செய்ய வைத்தேன். முணுமுணுத்துக்கொண்டே செய்தான்.

சந்திப்புக்கு வருகிறேன். 2022 தீபாவளிக்கு ஃபோர்ஷோருக்குப் போன் செய்து, "கண்ணகி ஞாபகமிருக்கா?" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அரைமணி ரூல் இன்னும் இருக்கா?" என்றாள். 29சிக்கும் சொல்லிவிட்டோம். பழைய சட்டம் அப்படியே: குழுவில் பேச்செடுக்கக் கூடாது, முந்தின நாள் "நாளைக்கு வருகிறாய்தானே" என்று கேட்கக் கூடாது, போன் வீட்டில்.

பஞ்சாங்கத்தைப் பார்க்காமல் சட்டம் பேசியதன் பலன், 2023-இல் முதல் ஞாயிறு ஜனவரி 1-ஆகவே வந்து தொலைத்தது. புத்தாண்டு சாயங்காலத்து மெரினா எப்படியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. சிலையைச் சுற்றி பலூன், பஞ்சுமிட்டாய், குழந்தையைத் தொலைத்துவிட்டுக் கத்துகிற அப்பாக்கள். நான் சிலைக்கு ரோட்டுப் பக்கம் நிற்கிறேன். ஃபோர்ஷோர் கடல் பக்கம் நின்றிருக்கிறாள். நடுவில் பத்தடி இருக்குமோ என்னவோ, இருபத்தைந்து நிமிஷம் ஒருத்தியை ஒருத்தி பார்க்கவில்லை. கை தானாகப் பையைத் துழாவியது, போன் இல்லை. பொழுதுபோகாமல் சுற்றி நடக்க ஆரம்பித்தேன், அவளும் அதே நேரம் அதே திசையில் சுற்ற ஆரம்பித்திருக்கிறாள். பிடித்துவிட்டது 29சிதான். தூரத்திலிருந்தே, "ஏய் மாம்பலம்!" என்று அவள் போட்ட சத்தத்தில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். யாருக்காவது இப்படி ஏற்பாடு செய்கிற எண்ணமிருந்தால் இரண்டு விஷயம். புத்தாண்டு, காணும் பொங்கல் இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். சிலைக்கு எந்தப் பக்கம் என்பதையும் சேர்த்தே பேசிவிடுங்கள். எங்கள் சட்டத்தில் இப்போது 'ரோட்டுப் பக்கம்' என்று திருத்தம் வந்திருக்கிறது.

ஆட்களைச் சேர்க்கக் கூடாது என்பதும் அனுபவம். குழுவில் எப்படியோ கசிந்து, "நாங்களும் வரட்டுமா" என்று எட்டுப் பேர் கேட்டார்கள். வரச்சொல்லி ஆசைதான். ஆனால் எட்டுப் பேர் வந்தால் தேதி ஓட்டெடுப்புக்குப் போகும், பிறகு ஹோட்டல் எது என்று இழுக்கும், கடைசியில் யாராவது வயிற்றுவலி என்பார்கள். அவர்களுக்கு மார்ச்சில் தனியாக ஒரு மதியச் சாப்பாடு என்று சொல்லித் தப்பித்தேன். அந்தச் சாப்பாடு இன்னும் நடக்கவில்லை.

போட்டோவுக்கும் சட்டம் உண்டு. எங்களிடம் இருக்கும் பழைய படம் ஒன்றே ஒன்றுதான். 1998-இல் பீச் போட்டோகிராபர் ஒருவர் எடுத்தது. பணத்தையும் ஒரு விலாசத்தையும் வாங்கிக்கொண்டு தபாலில் அனுப்புகிறேன் என்றார். காசு போச்சு என்றுதான் மூன்று பேரும் நினைத்தோம். இரண்டு வாரம் கழித்து ஸ்டோர் வாசலில் கவர் விழுந்தது. கண்ணகி முகம் பாதி வெட்டுப்பட்டிருக்கிறது, 29சி கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாள். இன்னொன்று எடுத்துக்கொள்ள முடியாது, அதனால் அதுதான் படம். இப்போது சந்திக்கிற அன்று பக்கத்தில் நிற்கிற யாரிடமாவது கேட்டு அவர் போனில் ஒரே ஒரு படம் எடுத்துக்கொண்டு, என் நம்பருக்கு அனுப்பச் சொல்கிறோம். அனுப்பினால் உண்டு. ஒரு வருடம் ஒரு கல்லூரிப் பையன் அனுப்பவே இல்லை. அவன் போனில் எங்கேயோ மூன்று அத்தைகள் பல்லைக் காட்டிக்கொண்டு இருக்கிறோம்.

2025 ஜனவரி 5. நான் நாலு ஐம்பதுக்கே போய்விட்டேன், ரோட்டுப் பக்கம். ஐந்தேகாலுக்கு ஃபோர்ஷோர் வந்தாள். மூட்டுவலி, படி இறங்க நேரமாகிறதாம். ஐந்தரை ஆயிற்று. சட்டப்படி நாங்கள் மணலுக்குப் போகலாம். ஃபோர்ஷோர் என்னைப் பார்த்தாள். "திருச்சியிலேர்ந்து வரவேண்டாமா, ரயில் லேட்டா இருக்கும்" என்றேன். "சரி, இன்னும் பத்து நிமிஷம். சட்டத்தை மாத்தலை, சும்மா நிக்கறோம்" என்றாள். சுண்டல் மட்டும் வாங்கிக்கொண்டோம், மூன்று பொட்டலம். அவளுடையது என் கையில் சூடாறிக்கொண்டிருந்தது.

ஐந்து ஐம்பதுக்கு பாரதி சாலைப் பக்கத்திலிருந்து ஒருத்தி ரோட்டைக் கடக்க முடியாமல், கையைக் கையை நீட்டிக் கார்களை நிறுத்தப் பார்த்துக்கொண்டிருந்தாள்.